ஊர்ப் படிப்பு மையங்களுக்கு யார் பணம் தருவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொரோனாக் காலத்தில் பாடம் திரையில் வந்தபோது பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து படித்தார்கள் என்று சென்ற இதழில் இந்தப் பகுதியில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றெல்லாக் கேள்விகளையும் ஓரம் தள்ளிவிட்டன. ஆகவே இம்முறை ஒரே பொருள்தான்: பள்ளி மூடியிருக்கும் நாளில் ஊருக்குள் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்க உதவும் மையங்கள், அவற்றுக்கான பொதுப்பணம்.

*

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளி திறக்கப்போகும் நேரம் பார்த்து, ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று வெளியிலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து 200 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தைப் பள்ளிகளுக்கே கொடுத்திருக்கக் கூடாதா?
– ஓர் ஆசிரியை, அறந்தாங்கி

உங்கள் கோபத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். மறுபாதியோடு எனக்கு வழக்கு உண்டு.

ஏற்கும் பாதி, நேரத்தைப் பற்றியது. கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்ததால், பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டின் கையில் ஓர் ஒளிபரப்பு இருந்தது. ஆனால் அந்த ஒளிபரப்பைப் பிள்ளை எங்கே உட்கார்ந்து, யாருடைய துணையோடு பார்க்கும் என்பதற்கு ஏற்பாடு இல்லை. அந்த நாட்களில் ஒரு குடியிருப்பில் நான் பார்த்த நான்காம் வகுப்புச் சிறுவன், தொலைக்காட்சிப் பாடம் தொடங்கும்போது வரும் இசையை வாயாலேயே அச்சுப் பிசகாமல் பாடிக் காட்டினான். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னபோது, இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 35 என்று எழுதினான். பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்க வேண்டும் என்று அவன் நோட்டைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. திரைக்கு அவன் நோட்டு தெரியாது.

மாலையில் தன்னார்வலர்கள் ஊருக்குள்ளேயே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வியை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் ஒன்றியத்திலுள்ள முதலியார்குப்பத்தில் தொடங்கிவைத்த நாள் 2021 அக்டோபர் 27. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறந்த நாள் நவம்பர் 1. அதாவது, பள்ளி இல்லாத காலத்துக்கு மிகவும் தேவைப்பட்டிருக்கக்கூடிய ஒரு மையம், பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்பு பிறந்தது. அது இழப்பை ஈடுகட்டும் திட்டமாகத்தான் வடிவமைக்கப்பட்டது என்பது உண்மை. இரண்டாம் அலையின்போது கூட்டம் கூட்டுவது எளிதல்ல என்பதும் உண்மை. ஆயினும் முதல் அலை அடங்கி இரண்டாவது எழுவதற்கு இடைப்பட்ட மாதங்கள் வீணாயின என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்த மாதங்களில் சில ஆசிரியர்கள் தம் கைக்காசில் தெருவில் கரும்பலகை மாட்டிப் பாடம் நடத்தினார்கள்.

ஏற்க முடியாத பாதி, பள்ளிக்கே கொடுத்திருக்கலாம் என்பது. தமிழ்நாட்டில் சுமார் 37,000 அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. 200 கோடியை அவற்றுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 54,000 ரூபாய் வரும். அதைக் கொண்டு ஓர் ஆசிரியருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுக்க முடியாது. வழக்கம்போல் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதி அனுப்பியிருப்போம். அதே பணம் தெருவில் ஓர் ஆளை மாலை 5 மணிக்கு உட்கார வைத்தது. எந்தப் பணம் எதை வாங்க வல்லது என்று பார்ப்பதும் ஒரு கணக்குதான்.

*

நான் கேரள எல்லையில் வசிப்பவன். அங்கே 2020 ஜூனிலேயே படிப்பு மையங்கள் இயங்கியதாக உறவினர்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

உறவினர்கள் சொன்னது சரி. கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று, ‘கைட் விக்டர்ஸ்’ என்னும் அரசு அலைவரிசை வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. தொடங்குமுன், பள்ளிக் கல்விக்கான மத்தியத் திட்டமாகிய சமக்ர சிக்ஷாவை அங்கே நடத்தும் அமைப்பு எடுத்த கணக்கில், தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர் சுமார் 2.6 லட்சம் பேர் என்று தெரியவந்தது. அந்த எண் வெளியே வந்த பிறகு அரசால் சும்மா இருக்க முடியவில்லை. ஊர் நூலகம், அங்கன்வாடி, சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடங்களிலெல்லாம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியை வைத்துக் குடியிருப்புப் பகுதிப் படிப்பு மையங்கள் அமைக்கும் வேலை முடுக்கிவிடப்பட்டது.

பணம் வந்த வழிதான் சுவையானது. கேரள அரசுக்குச் சொந்தமான சீட்டு நிறுவனம் ஒன்று இருக்கிறது, 1969இல் தொடங்கியது, கேஎஸ்எஃப்இ என்பது அதன் பெயர். மையங்களுக்கான தொலைக்காட்சி வாங்கும் செலவில் 75 விழுக்காட்டை அந்த நிறுவனம் ஏற்பது, எஞ்சிய 25 விழுக்காட்டை உள்ளாட்சியோ நன்கொடையாளரோ கொடுப்பது என்று முடிவாயிற்று. கருவூலத்தின் ஒப்புதலுக்காகக் கோப்பு மாடிப்படி ஏறி இறங்கவில்லை. அரசு நிறுவனம் ஒன்றின் கையில் பணம் இருந்தது, பஞ்சாயத்துகளின் கையிலும் கொஞ்சம் இருந்தது, இரண்டும் சேர்ந்தன.

அதைவிட முக்கியமானது இடம். ஊர்தோறும் நூலகம் என்பது கேரளத்தில் பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிய கிரந்தசாலா சங்கம் என்னும் நூலகச் சங்கத்தின் காலத்திலிருந்து வளர்ந்துவந்த பழக்கம். பழங்குடிக் குடியிருப்புகளிலோ, பழங்குடியினர் மேம்பாட்டுத் துறை நடத்தும் சமூகப் படிப்பறைகள் கொரோனாவுக்கு முன்பே இருந்தன. அந்தந்தக் குடியிருப்பிலேயே படித்த ஒருவர் அவற்றில் பொறுப்பாளராக இருப்பார். புதிதாக ஓர் இடத்தைத் தேடிப் பிடித்து, கூரை போட்டு, ஆள் எடுத்து, பிறகு பிள்ளைகளைக் கூப்பிட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை.

புகழ்ந்துவிட்டேன், குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒளிபரப்பு காலை 8.30 மணிக்கு 12ஆம் வகுப்பில் தொடங்கும். பெரிய வகுப்புகளுக்குக் கூடுதல் நேரம், சின்ன வகுப்புகளுக்கு அரை மணி என்று நாள் முழுவதும் ஓடும். ஓர் அங்கன்வாடியில் ஒரே பெட்டி இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை தன் அரை மணி நேரத்துக்கு வந்து போகும். அது போனதும் மூன்றாம் வகுப்பு வரும். அக்கா தம்பியைக் கூட்டிவந்தால் இருவருக்கும் நடுவே ஒன்றரை மணி இடைவெளி. பெட்டியின் விலை ஒருமுறைச் செலவு. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் காலையிலிருந்து மாலை வரை இருந்து, பாடம் முடிந்தவுடன் “புரிந்ததா?” என்று கேட்கும் ஆளுக்கான செலவு ஒவ்வொரு நாளும் வரும். முன்னதை 75க்கு 25 என்று பிரித்துக் கொடுக்க ஆள் இருந்தது. பின்னதைப் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளர், நூலகர், குடும்பஸ்ரீ என்னும் மகளிர் சுயஉதவிக் குழு அமைப்பின் பெண்கள், ஊர் இளைஞர்கள் ஆகியோரின் நல்லெண்ணத்தின் தலையில் சுமத்தினார்கள்.

இன்னொன்று. வீட்டுக்கொரு மடிக்கணினி கொடுக்க, அதே சீட்டு நிறுவனத்தையும் குடும்பஸ்ரீயையும் சேர்த்து ‘வித்யாஸ்ரீ’ என்று ஒரு திட்டம் போட்டார்கள். மாதம் 500 ரூபாய் வீதம் 30 மாதம் கட்டும் சீட்டு. மூன்று தவணை கட்டியதும் கணினி கைக்கு வரும் என்பது வாக்கு. ஆனால் கணினி வந்து சேரத் தாமதமாகி, தவணை கட்டியவர்கள் காத்திருந்தார்கள். பொருளை நம்பிய திட்டம் கப்பலுக்குக் காத்திருந்த அதே காலத்தில், ஊர் நூலகம் திறந்திருந்தது.

*

மையத்துக்கு டிவி வேண்டுமா, ஆள் வேண்டுமா? ஒன்றைத்தான் கொடுக்க முடியும் என்றால்?
– ஒரு கல்லூரி மாணவர், சிதம்பரம்

ஆள். டிவி இல்லாத ஆள் புத்தகத்தை வைத்துச் சமாளிப்பார்.

*

என் மகள் குடும்பம் கலிபோர்னியாவில் இருக்கிறது. பள்ளி மூடியிருந்த ஆண்டில், பேரனின் நண்பர்கள் சிலர் நகர நூலகத்தில் உட்கார்ந்து இணைய வகுப்பில் கலந்துகொண்டார்களாம். பணக்கார நாட்டில் இதற்கு அரசு உதவி தேவைப்பட்டதா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

தேவைப்பட்டது, அதுவும் சற்று வேடிக்கையான முறையில். அமெரிக்காவில் ‘21ஆம் நூற்றாண்டுச் சமூகக் கற்றல் மையங்கள்’ என்ற பெயரில் 1994 முதல் ஒரு கூட்டாட்சித் திட்டம் இருக்கிறது. ஏழ்மை மிகுந்த பகுதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே படிப்பு உதவி கொடுப்பது அதன் வேலை. 2020 நிதியாண்டில் அதற்கு ஒதுக்கப்பட்டது சுமார் 125 கோடி டாலர். பணம் மாநிலங்களுக்குப் போகும். மாநிலங்கள் போட்டி விண்ணப்பம் வாங்கி, 3 முதல் 5 ஆண்டுக் காலத்துக்கு, குறைந்தது 50,000 டாலராக மானியம் கொடுக்கும். பள்ளியும் கேட்கலாம், தொண்டு நிறுவனமும் கேட்கலாம்.

2020இல் பள்ளிகள் மூடி வகுப்பு கணினிக்குள் போனதும் இந்த மையங்களுக்கு ஒரு சட்டச் சிக்கல் வந்தது. சட்டம் ‘பள்ளி நேரத்துக்கு வெளியே’ என்கிறது. பிள்ளையோ காலை 9 மணிக்குக் கணினி முன் உட்கார்ந்திருக்கிறது. அது பள்ளி நேரம். ஆகவே, பிள்ளைக்கு ஆள் துணை மிகவும் வேண்டியிருந்த அந்தக் காலை நேரத்தில், ஆளும் இடமும் பணமும் உள்ள மையம் கதவைச் சாத்தி வைத்திருக்க வேண்டும்! கல்வித் துறை அந்த வரையறைக்கு விலக்குக் கொடுக்க முன்வந்த பின்னர்தான், மாநிலங்கள் விண்ணப்பித்து, பகல் நேரத்திலும் மையங்களை நடத்த அனுமதி பெற்றன. விதியை எழுதியவர் கெட்டவர் அல்லர். பள்ளியின் வேலைக்குள் வேறு பணம் நுழைந்துவிடக் கூடாது என்ற நியாயமான கவலையில் எழுதியது அது. நெருக்கடியில் அது எதிர்த்திசையில் வேலை செய்தது.

உங்கள் பேரனின் ஊர் எதுவென்று தெரியவில்லை; எனக்கு நன்றாகத் தெரிந்த ஊரான சான் பிரான்சிஸ்கோவைப் பற்றிச் சொல்கிறேன். அந்த நகரம் 2020 செப்டம்பர் 14 அன்று நூலகங்கள், பூங்கா விளையாட்டுக் கூடங்கள், தொண்டு நிறுவனக் கட்டடங்கள் ஆகியவற்றில் சமூகக் கற்றல் மையங்களைத் திறந்தது. அரசுக் குடியிருப்புகளில் வாழும் பிள்ளைகள், வீடற்றவர், வளர்ப்புப் பெற்றோரிடம் இருப்பவர், ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் ஆகியோருக்கு முதலிடம், கட்டணம் கிடையாது. கலிபோர்னிய அரசின் அப்போதைய விதிப்படி ஒரு குழுவில் 14 பிள்ளைகளுக்கு மேல் கூடாது; உடன் இரண்டு பெரியவர்கள். அந்த இரண்டு பேர் பாடம் நடத்தவில்லை. இவனுக்கு 9.10க்கு வகுப்பு, அவளுக்கு 9.30க்கு, அந்த மூலையில் இருப்பவனின் ஆசிரியை வகுப்பு இணைப்பை மாற்றி அனுப்பியிருக்கிறார், ஒருத்தியின் காதுக்கருவி வேலை செய்யவில்லை, இன்னொருவன் படத்தை அணைத்துவிட்டு மேசையில் தலை வைத்துத் தூங்குகிறான்; இத்தனையையும் கவனிப்பதுதான் வேலை. கேரளத்து அங்கன்வாடியில் தொலைக்காட்சி அட்டவணையோடு மல்லுக்கட்டிய பெண்மணிக்கும் இவர்களுக்கும் வேலையில் வேறுபாடு குறைவு. சம்பளம்தான் வேறு.

இவ்வளவு விரைவாக அந்த நகரத்தால் எப்படி முடிந்தது? கூட்டாட்சி அரசு 2020 மார்ச்சில் நிறைவேற்றிய கொரோனா நிவாரணச் சட்டமான கேர்ஸ் சட்டத்தில் பள்ளிக் கல்விக்கென்று சுமார் 1,320 கோடி டாலர் இருந்தது உண்மை. அது பள்ளி வட்டாரங்களுக்குப் போன பணம். நகரத்தின் கையில் ஏற்கெனவே வேறொன்று இருந்தது. 1991இல் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள், சொத்துவரியில் ஒரு பங்கைக் குழந்தைகளுக்கென்றே ஒதுக்கி வைக்க வாக்களித்தார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான். முப்பது ஆண்டுகளாக அந்தப் பணத்தில் பள்ளி முடிந்த பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தொண்டு நிறுவனங்கள் வளர்ந்திருந்தன. அவற்றின் பணியாளர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர்கள். நெருக்கடி வந்தபோது புதிதாக ஆள் எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்களை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினால் போதுமாயிருந்தது.

அங்கேயும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது, நியாயமான முணுமுணுப்பு. நூலகத்தில் குறைந்த ஊதியம் பெறும் ஓர் ஊழியரோடு 14 பிள்ளைகள் உட்காருவது பாதுகாப்பானது என்றால், பள்ளியில் ஆசிரியரோடு உட்காருவது மட்டும் ஏன் ஆபத்து? இதற்குச் சரியான பதிலை நான் எங்கும் கேட்டதில்லை.

*

மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். வீட்டில் ‘வேலைக்குப் போகிறாள்’ என்றார்கள். அலுவலகத்தில் ‘தன்னார்வலர்’ என்றார்கள். நான் யார்?
– இல்லம் தேடிக் கல்வியின் முன்னாள் தன்னார்வலர், மரக்காணம் பகுதி

உங்கள் கேள்வியை மூன்று முறை வாசித்தேன். தொடக்கநிலை வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பும், ஆறு முதல் எட்டு வரை பட்டமும் தகுதி. ஒருவருக்குச் சுமார் 20 பிள்ளைகள். மாலை 5 முதல் 7க்குள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். வருகைப் பதிவுக்குக் கைப்பேசிச் செயலி. இவ்வளவு நிபந்தனையும் போட்டுவிட்டு ஊக்கத்தொகை 1,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய். செயலியில் பதிவேற்றத் தேவையான தரவுக் கட்டணம் போக மீதி எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அரசின் பக்க வாதமும் எனக்குத் தெரியும். ஊதியம் என்று எழுதினால் பணி நிரந்தரக் கோரிக்கை வரும், ஆசிரியர் பணியிடங்களுக்கு மாற்று ஏற்பாடு என்ற குற்றச்சாட்டு வரும். தேசியக் கல்விக் கொள்கை 2020 தன்னார்வலர்களைப் பற்றிப் பேசுவதை எடுத்துக்காட்டி, இத்திட்டம் அதன் பின்வாசல் வழியோ என்ற ஐயம் எழுந்ததையும் நீங்கள் அறிவீர்கள். அந்த ஐயத்தை அரசு மறுத்தது. ஆனால் உங்களை எந்தப் பெயரில் அழைப்பது என்ற தயக்கம், தொகையை எந்தப் பெயரில் கொடுப்பது என்ற தயக்கத்திலிருந்து பிறந்தது. என் கருத்தில் நீங்கள் பகுதிநேரப் பணியாளர். பகுதிநேரப் பணிக்குரிய ஊதியம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். லட்சக்கணக்கான இளம்பெண்கள் அந்தத் தொகைக்கும் முன்வந்தார்கள் என்பதைக் காட்டி அது போதுமான தொகை என்று வாதிடுவது, கூலி வேறு எங்கும் கிடைக்காத ஊரில் கூலி போதும் என்று சொல்வதைப் போன்றது.

*

செலவழித்ததற்குப் பலன் உண்டா? உணர்ச்சி வேண்டாம், எண் சொல்லுங்கள்.
– ஓய்வுபெற்ற தணிக்கையாளர், தஞ்சாவூர்

சொல்கிறேன். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். கொரோனாவுக்கு முன், 2019இலேயே அதே ஊர்களில் அளவெடுத்திருந்தது அவர்களுடைய நற்பேறு. 2021 டிசம்பரில் மறுபடி அளந்தபோது, 2019இல் அதே ஊரில் அதே வயதில் இருந்த குழந்தைகளைவிட இவர்கள் கணிதத்தில் 0.7 திட்ட விலக்கமும் மொழியில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) கணிதத்தில் அது பெரிய சரிவு. நான் மேலே சொன்ன 52–27 சிறுவன் தனி ஆள் அல்லன்.

ஆனால் பள்ளிகள் திறந்து சுமார் ஆறு மாதத்துக்குள் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு 24 விழுக்காடு என்பது அவர்கள் கணிப்பு. நீங்கள் தணிக்கையாளர், ஆகவே இந்த எண்ணை இரண்டு பக்கமிருந்தும் பார்ப்பீர்கள். மீட்சியின் பெரும்பகுதி மையத்தால் வந்ததன்று. பள்ளி திறந்ததால் வந்தது. அதே வேளையில், பிள்ளைக்கு மாதம் 50 ரூபாய் ஊக்கத்தொகையில் நடந்த ஒன்று ஏறத்தாழ கால் பங்கைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது என்றால், கல்விச் செலவில் அதற்கு நிகரான வரவை நான் அதிகம் கண்டதில்லை.

*

எங்கள் ஊராட்சியில் பழைய சமுதாயக் கூடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மழை வெள்ளத்தில் வாரக்கணக்கில் பள்ளி மூடும் ஊர் எங்களுடையது. ஒரு படிப்பு மையம் நடத்த எந்தப் பணத்தை எடுக்கலாம்?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்

2023 டிசம்பர் மழையை உங்கள் மாவட்டம் மறந்திருக்காது. ஆகவே உங்கள் கேள்வி கொரோனாவோடு முடிந்துபோன கேள்வி அன்று. வழிகளைச் சொல்கிறேன், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வீர்கள்.

உள்ளாட்சிகளுக்கு மத்திய அரசு தரும் பணத்தில், 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 40 விழுக்காடு நிபந்தனையற்றது. அரசமைப்பின் 11ஆவது அட்டவணையிலுள்ள 29 பொருள்களில் எதற்கும் செலவிடலாம். பள்ளிக் கல்வியும் நூலகமும் அந்த 29க்குள் அடக்கம். கூடத்தைப் பழுதுபார்க்கலாம், மின்விசிறி போடலாம், பாய் வாங்கலாம். ஆனால் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. இரண்டும் நிலையான சொத்துக்கு, ஆளுக்கு அன்று. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியோ, 2020 ஏப்ரலில் இரண்டாண்டுக்கென்று நிறுத்தப்பட்டு 2021 நவம்பரில்தான் மீண்டும் வந்தது. பள்ளி மூடியிருந்த காலத்தில் அந்தக் கதவும் மூடியிருந்தது. ஆக, உங்கள் ஊருக்குச் சுவர் கிடைக்கும், கூரை கிடைக்கும், கேட்டால் தொலைக்காட்சியும் கிடைக்கும். சுவருக்குள் உட்காரப்போகும் பெண்ணுக்குக் கொடுக்க ஒரு செலவுத் தலைப்பு இல்லை.

மேலிருந்து ஆண்டுக்கு ஆண்டு வரும் பணத்தை நம்பியும் ஆளை அமர்த்த முடியாது. 2024–25இல், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் சேரும் ஒப்பந்தத் தகராறில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டதை நாம் பார்த்தோம். மேலே சொன்ன அமெரிக்க மையங்களுக்கும் 2025 ஜூலையில் அதே கதைதான். அந்த மாதத் தொடக்கத்தில் வரவேண்டிய பணத்தை வாஷிங்டன் பிடித்துவைத்து, கூச்சல் எழுந்த பிறகே விடுவித்தது.

எஞ்சியிருப்பது ஒரு பழைய பணம். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி, இன்று சொத்துவரி ஒரு ரூபாய்க்கு 10 பைசா வீதம் நூலக வரியாக நாமெல்லோரும் கட்டுகிறோம். உங்கள் வீட்டு வரி ரசீதில் அது தனி வரியாக இருக்கும், எடுத்துப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ 1991இல் சொத்துவரியில் கண்டுபிடித்ததாகப் பெருமைப்படும் அதே சூத்திரம் நம்மிடம் 43 ஆண்டு முன்பே இருந்திருக்கிறது. அது நூலகருக்குச் சம்பளமும் கொடுக்கிறது, அதுதான் அதன் சிறப்பு. உள்ளாட்சி வசூலித்த நூலக வரியை நூலக ஆணைக்குழுவிடம் செலுத்தாமல் நிலுவை வைப்பது மாநிலத்தில் பழைய நோய். உங்கள் ஊராட்சி நிலுவை வைத்திருக்கிறதா என்று முதலில் உங்கள் செயலரிடமே கேளுங்கள்.

நிலுவை இல்லையென்றால், பூட்டிய கூடத்தைக் கிளை நூலகமாகவோ பகுதிநேர நூலகமாகவோ ஏற்கும்படி மாவட்ட நூலக அலுவலருக்குக் கிராம சபைத் தீர்மானத்தோடு விண்ணப்பியுங்கள். தீர்மானத்தில் ‘பள்ளி மூடும் நாட்களில் காலை 9 முதல் மாலை 4 வரை திறந்திருக்கும்’ என்ற வரியைத் தவறாமல் சேருங்கள். அமெரிக்கர்கள் அந்த ஒரு வரி இல்லாமல் பட்ட பாட்டை மேலே எழுதியிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவின் கையெழுத்தும் இருக்கட்டும். கூடத்தின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். வெள்ளம் வரும் நாளில் சாவி வைத்திருப்பவர் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போயிருப்பார். ஆகவே இரண்டு சாவி.